யாரோ ஒருவரின் பழுப்பு

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்குக் கதிர்வீச்சுப் பிரிவிலிருந்து போன் வந்தது. கதிர்வீச்சின்போது தலை அசையாமல் பிடிக்கும் மாஸ்குக்கு முக அளவு கொடுக்க அண்ணன் இன்றும் வரவில்லை.

தங்கை அதே மருத்துவமனையில் நோயியல் மருத்துவர். ஊரார் கட்டிகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்வது வேலை. அண்ணனோடு மல்லுக்கட்ட அந்தப் படிப்பு ஒருநாளும் உதவியதில்லை. அவனை ஆய்வகத்துக்கே வரச்சொன்னாள்.

வந்தான். டிரைவிங் ஸ்கூல் சட்டை, கழுத்தில் ஆறிவரும் தழும்பு. தொண்டைக் கட்டியை எடுத்து ஒரு மாதம்தான் ஆகிறது.

"ஏன் போகல?"

"எதுக்குப் போகணும்? கட்டியில ஏதோ புரதம் இருக்கு, திரும்ப வராதுன்னு நீதான சொன்ன."

"வர்றது கம்மின்னு சொன்னேன். மறுநாளே, தப்பாப் பார்த்துட்டேன், உனக்கு அந்தப் புரதம் இல்லைன்னும் சொன்னேன். ரிப்போர்ட்லயும் இல்லைன்னுதான் இருக்கு."

"ரிப்போர்ட் எழுதினது உங்க சீனியர். அந்த ஆளு யாரோ எவரோ. நீ என் கூடப்பிறந்தவ."

"அதுக்காக? உனக்குப் பிடிச்சதை மட்டும்தான் கேப்பியா?"

"முதல்ல சொன்னதுதான் மனசுல நிக்குது, டாக்டரம்மா."

அவளுக்குத் தலையை எங்காவது முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. சொந்தக்காரரின் கட்டித் துணுக்கு ஒட்டிய கண்ணாடி ஸ்லைடை அவள் தொடக்கூடாது, சீனியர்தான் பார்க்கவேண்டும் என்பது விதி. அண்ணனின் ஸ்லைடு தயாரான அன்று அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாயம் காய்ந்ததும் எடுத்து ஒரு நொடி பார்த்தாள். பழுப்பு. பழுப்பென்றால் புரதம் இருக்கிறது. கையோடு அண்ணனுக்குப் போன் போட்டுவிட்டாள். தப்பாகப் பார்த்துவிட்டேன் என்று பிறகு சொன்னாளே தவிர, எப்படி என்று சொல்ல வாய் வரவில்லை.

"இங்க உக்காரு."

இரண்டு பேர் பார்க்கும் மைக்ராஸ்கோப். எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள்.

"என்ன தெரியுது?"

"நீலம். வெறும் நீலம்."

"இதுதான் நீ. பழுப்பு ஒரு பொட்டாவது இருக்கா?"

அவள் ஸ்லைடை மறுகோடிக்கு நகர்த்தினாள். பார்வை முழுக்கப் பழுப்பு.

"இது நான்தான!"

"இல்ல. இது வேற ஆளோட கட்டி. அந்தப் புரதம் இருக்குன்னு முன்னமே தெரிஞ்ச கட்டி. சாயம் சரியாப் பிடிச்சிருக்கான்னு பார்க்க ஒவ்வொரு ஸ்லைடுலயும் ஓரமா ஒரு துணுக்கு ஒட்டுவோம். அவசரத்துல ஸ்லைடைத் திருப்பி வச்சிட்டேன். இதைத்தான் பார்த்தேன்."

"என்கிட்ட எல் போர்டு மாட்டிட்டு வர்ற பசங்ககூட எந்தப் பக்கம்னு பார்த்துட்டுத்தான் திருப்புவாங்க."

"திட்டு. எவ்வளவு வேணா திட்டு. திட்டிட்டு மாஸ்க் அளவு கொடுக்கப் போ."

அவன் திட்டவில்லை. கண்ணையும் எடுக்கவில்லை.

"எல்லார் ஸ்லைடுலயும் இந்த ஆளா?"

"அந்தக் கட்டி தீர்ற வரைக்கும் இவர்தான்."

"இவ்ளோ நாளா நான் இவரை நினைச்சா சந்தோஷப்பட்டுட்டு இருந்தேன்?"

"அண்ணா, கெஞ்சிக் கேக்கறேன். உன்னோடதுல அந்தப் புரதம் இல்ல. கதிர்வீச்சு இல்லாம விட்டா திரும்ப வர்றதுக்கு நிறைய வாய்ப்பு இருக்கு. நாளைக்குக் காலையில இடம் கேட்டிருக்கேன். போவியா, மாட்டியா?"

அவன் மைக்ராஸ்கோப்பின் குமிழைத் தானே திருப்பி, அந்தப் பழுப்பை இன்னும் கொஞ்சம் தெளிவாக்கப் பார்த்தான். அது கலங்கியது.

"இந்த ஆளுக்குத் திரும்ப வந்துச்சா?"