கங்கையா சட்டி

எங்கள் நிலத்தை யாராவது குறை சொன்னால் எனக்குக் கோபம் வரும். குறை உண்மை என்பதால் இன்னும் அதிகமாக வரும். குடுபல்லி ஏரிக்கரைக்குக் கீழே ஒரு ஏக்கர். மழை பெய்தால் நான்கு நாள் தண்ணீர் நிற்கும். வேர்க்கடலை போட்டால் அழுகும், கேழ்வரகு போட்டால் மஞ்சளாகும். ஊர்ப் பெரிய நிலக்காரர் உமாபதி அண்ணன் வீட்டில் முப்பது வருஷம் வருஷக் கூலிப் பண்ணையாளாக ஜீதம் இருந்து செத்துப்போன என் மாமனார் கங்கையாவுக்கு சர்க்கார் கொடுத்த நிலம் அது. கையகல மண் இல்லாத வம்சத்தில் முதல் பட்டா. ஒன்றும் விளையாவிட்டாலும் பட்டா பட்டாதான்.

விளையாததற்குக் காரணம் அடியில் இருக்கும் களிமண். நான் குயவர் வீட்டில் பிறந்தவள் இல்லை. ஆட்டுக்குத் தண்ணீர் வைக்க ஒரு சட்டி வேண்டுமென்று அந்த மண்ணை வெட்டிச் சுட்டுப் பார்த்தேன். முதல் ஐந்தும் சுடும் குழியிலேயே வெடித்தன. ஆறாவது நின்றது. அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. மண்ணைக் காயவைத்து இடிப்பேன், கேழ்வரகுச் சல்லடையில் சலிப்பேன், போர்வெல் தண்ணீர் ஊற்றி மிதிப்பேன். சக்கரம் கிடையாது. எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்து, சாம்பல் தூவி, அதன்மேல் மண்ணைத் தட்டித் தட்டிச் சட்டியாக எடுப்பேன். வரட்டியும் கடலைத் தோலும் போட்டுக் குழியில் சுடுவேன்.

என் வீட்டுக்காரர் பிரபாகர் திங்கட்கிழமை விடிகாலை ரயிலேறி ஒயிட்ஃபீல்டுக்கு டைல்ஸ் ஒட்டப் போவார், சனிக்கிழமை வருவார். அங்கே கம்ப்யூட்டர் கம்பெனிகள் வர வர, இங்கே ரயிலில் நிற்க இடமில்லாமல் போனது. அந்த மாசி மாதம் அவர் ஒரு முடிவோடு வந்தார்.

"கல்பனா, உமாபதி அண்ணா நெலத்த கேக்கறாரு. செங்கல் சூளை போடணுமாம். குடுத்துட்டு உகாதிக்கு அப்பறம் எல்லாரும் பெங்களூரு போய்டலாம். ஷெட்டு பாத்து வெச்சிக்கீறேன்."

"தகர ஷெட்டுல குந்திக்கினு நான் இன்னா பண்றது?"

"இங்க மட்டும் இன்னா பண்ற? மண்ணு தட்டிக்கினு கீற."

எனக்குச் சுருக்கென்றது. அவர் டைல்ஸ் ஒட்டும் ஓட்டலில் மண்சட்டியில் தயிர் கொடுக்கப் போகிறார்கள் என்று அவரேதான் ஒரு தடவை சொல்லியிருந்தார்.

"என் சட்டிய அங்க எடுத்துக்கினு போய் காட்டு மாமா. கேட்டாங்கன்னா, நான் செஞ்சி குடுக்கறேன், நெலத்த விக்கக் கூடாது. வாணாம்னா நானே மூட்டை கட்டறேன்."

கொண்டுபோனார். நாற்பது கேட்டார்கள்.

இங்கேதான் நான் பெரிய மனுஷத்தனம் பண்ணினேன். பட்டணத்துக்காரர்கள் தயிர் சாப்பிடப் போகும் சட்டி. எங்கள் போர் தண்ணீரோ உப்பு, பருப்புகூட அதில் வேகாது. ஊருக்குப் புதிதாக வந்திருந்த சுத்திகரிப்பு மிஷினில் கேன் கேனாக நல்ல தண்ணீர் பிடித்து, இடுப்பில் சுமந்து வந்து மண்ணை மிதித்தேன். என் கல்யாணச் சமையலுக்குக்கூட யாரும் அவ்வளவு நல்ல தண்ணீர் ஊற்றியிருக்க மாட்டார்கள்.

சட்டிகள் செக்கச்செவேலென்று வெந்து வந்தன. மூன்றாம் நாள் வரிசையிலிருந்து 'டப்' என்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. ஓடிப்போய்ப் பார்த்தால், மிளகளவு சில்லு பெயர்ந்து பள்ளத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்பு தெரிகிறது. சாயங்காலத்துக்குள் நாற்பதும் அம்மை போட்ட முகமாகிவிட்டன.

உமாபதி அண்ணனுக்கு யார் சொன்னார்களோ, வந்துவிட்டார். "எந்துகம்மா இந்தக் கஷ்டம்? பயிரு வராத மண்ணு, சட்டிக்கு மட்டும் ஆவுமா?"

வீட்டுக்காரர் பொரிந்த சட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக அடுக்கினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது, நன்றாகவே அழுதேன். அழுதுகொண்டே ஆட்டுக்குத் தண்ணீர் ஊற்றப் போனபோது அந்த ஆறாவது சட்டி கண்ணில் பட்டது. ஒன்றரை வருஷமாக வெயிலிலும் மழையிலும் கிடக்கிறது, ஒரு புள்ளி இல்லை. அதே நிலம், அதே சல்லடை, அதே குழி. தண்ணீர் மட்டும்தான் வேறு.

"எனக்கு இன்னும் பத்து நாளு குடு மாமா" என்றேன்.

மூன்று சட்டி செய்தேன். ஒன்று போர் தண்ணீரில், ஒன்று மிஷின் தண்ணீரில், ஒன்று மிஷின் தண்ணீரில் ஒரு பிடி கல்லுப்பு கரைத்து. மூன்றையும் சேர்த்தே சுட்டேன். மூன்றாம் நாள் மிஷின் தண்ணீர்ச் சட்டி பொரிந்தது. மற்ற இரண்டும் ஏழாம் நாளும் சுண்டினால் கணீரென்றன. ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எங்கள் மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறது, அதை அடக்கும் உப்பு எங்கள் தண்ணீரில் இருக்கிறது. ஒரே ஏக்கரில் நோயும் மருந்தும் இருக்க, நான்தான் பணக்காரத் தண்ணீர் ஊற்றிக் கெடுத்திருக்கிறேன்.

மறுபடி நாற்பது, முழுக்கப் போர் தண்ணீரில். இந்தத் தடவை ஒவ்வொன்றின் அடியிலும், மண் ஈரமாக இருக்கும்போதே, துடைப்பக் குச்சியால் ஒரு பெயர் எழுதினேன். ஒரு வாரம் வைத்துப் பார்த்தேன், ஒன்றும் பொரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வைக்கோல் சுற்றிக் கூடையில் அடுக்கும்போது வீட்டுக்காரர் ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தார்.

"நைனா பேரு."

"அவரு நெலந்தான?"

கைநாட்டைத் தவிர வேறெதுவும் தெரியாத மனுஷன் என் மாமனார். வீட்டுக்காரர் அந்தச் சட்டியைக் கீழே வைக்காமல் கையிலேயே பிடித்திருந்தார்.

சரியாக அப்போது பார்த்து உமாபதி அண்ணன் வாசலில் வந்து நின்றார். "இன்னாபா பிரபாகரு, நெலத்த எப்பதான் விப்பீங்க?"

எனக்கு வாய் துடித்தது. அதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

"வித்துக்கினுதாண்ணா கீறோம். சட்டி சட்டியா."

சொல்லிவிட்டுக் கையிலிருந்த சட்டியை நீட்டினார். "இந்தாங்க, வூட்டுக்கு எடுத்துக்கினு போங்க. ஒற ஊத்தி துன்னு பாருங்க."

உமாபதி அண்ணன் வாங்கித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடி போடாமல் வந்திருந்ததால் எழுத்துக் கூட்டித்தான் படித்தார்.

"கங்...கை...யா."

முப்பது வருஷம் அந்த வீட்டில் என் மாமனாரை "டேய் கங்கா" என்றுதான் கூப்பிட்டார்கள். அவருடைய பெயர் அந்த வீட்டு ஆள் ஒருவர் வாயிலிருந்து முழுதாக வந்ததை அன்றைக்குத்தான் நான் கேட்டேன்.