நாற்பத்து மூன்று கோடுகள்

பாலிஷ் பட்டறைக்காரனுக்குக் கை சும்மா இருக்காது. கரண்டியோ கதவுப் பிடியோ, எது மங்கிக் கிடந்தாலும் விரல் நமநமக்கும். அந்த நமநமப்புதான் நேற்று அவன் குடியைக் கெடுத்தது.

மகள் இன்று வகுப்பில் வீட்டுப் பழம்பொருள் ஒன்றைக் காட்டிப் பேச வேண்டும். இருந்ததே ஒன்றுதான்: கொத்தனாராக இருந்த அவன் தாத்தாவின் தூக்குக்குண்டு. சுவர் நேராக நிற்கிறதா என்று கயிற்றில் தொங்கவிட்டுப் பார்க்கும் பித்தளைக் குண்டு. மங்கலாகப் போனால் மானம் போகுமே என்று பட்டறைச் சக்கரத்தில் பிடித்துவிட்டான்.

காலையில் மகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கோடெல்லாம் எங்கப்பா?"

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கட்டிய வீட்டுக்கு ஒரு கோடு என்று தாத்தா கீறியது. அவனே அவளுக்குச் சொன்ன கதை. ஆனால் பட்டறையில் கீறல் என்றால் குறை. பன்னிரண்டு வருஷப் பழக்கம் யோசிக்கவிடவில்லை.

அடுப்படியிலிருந்து மனைவி சொன்னாள்: "நல்லவேளை, பொண்ணு மூக்கு மேல இருக்கிற மச்சத்த விட்டு வச்சாரு."

அவன் ஆணியைத் தேடினான். "இரு, கீறித் தரேன்."

"வேணாம். நீங்க கீறினா அது உங்க கோடு," என்றாள் மகள்.

குண்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பின்னாலேயே போய், வகுப்பின் கடைசியில் மற்ற பெற்றோரோடு கால் மாற்றி மாற்றி நின்றான்.

"இதுல நாப்பத்தி மூணு கோடு இருந்துச்சு. ஒவ்வொண்ணும் கொள்ளுத்தாத்தா கட்டின ஒரு வீடு. எங்கப்பா பாலிஷ் போட்டு அழிச்சிட்டாரு," என்றாள் மகள். "நல்லாத்தான் அழிச்சிருக்காரு, பாருங்க."

வகுப்பு சிரித்தது. குண்டு கைமாறிப் போனது. பிள்ளைகள் அதில் முகம் பார்த்துப் பல்லைக் காட்டினார்கள். அவன் காது சுட்டது.

"நாப்பத்தி ரெண்டு வீடுதான்," என்றான், தன்னையறியாமல்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"ஒரு வீட்டுக்கு ரெண்டு கோடு. முதல்ல கட்டின சுவர் சாஞ்சிடுச்சு. அன்னைக்கு அவரு குண்டத் தொங்கவிடல, கண்ணே போதும்னுட்டாரு. இடிச்சு, கைக்காசு போட்டுத் திரும்பக் கட்டினாரு. அதுக்கும் ஒண்ணு கீறிக்கிட்டாரு."

மகள் அவனை முறைத்தாள். "இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"வீட்டு மானமாச்சேன்னு."

அவள் பேச எழுதி வந்த நோட்டைத் திறந்து, நாற்பத்து மூன்று வீடு என்றிருந்ததை அடித்தாள். பென்சிலோடு நிமிர்ந்தாள்.

"வேற என்னல்லாம் சொல்லல?"