ஞாயிற்றுக்குள் சொல்ல வேண்டியது

பக்கத்து வீட்டுத் திரேசாளின் பிள்ளையை நீட்டிய கால்மேல் குப்புறப் போட்டு முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவள் மணைபோட்டு உட்கார்ந்து வெந்நீரை மொண்டு ஊற்றினாள். பிறந்து பதினெட்டு நாள். மணி ஒன்பதாகியும் ராஜகிரி மலை பனியில் பாதிதான் தெரிந்தது.

"ஞாயித்துக்கெழம ஞானஸ்நானத்துக்கு நீதான் அக்கா புள்ளைய ஏந்தணும், மறந்துடாத. ஞானத்தாய் நம்ம இஞ்ஞாசியக்காதான்னு அவரே மறுபடியும் கடுதாசில எழுதிக்கிறாரு."

நான் செய்தது தெரிந்தால் அந்த மனிதர் என் பெயரை எழுதியிருப்பாரா?

அவள் புருஷன் சந்தியாகு எங்கள் கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாராக இருந்தவர். ஆடி மாதம் ஒரு சாயங்காலம் கோயில் படியில் அவர் தள்ளாடியதைப் பார்த்தேன். பார்த்த வாய் சும்மா இருந்ததா? நேராகச் சாமியாரிடம் போய், "உபதேசியாரு குடிச்சிட்டு வராரு சாமி, நாத்தம் கொடலப் புடுங்குது" என்றேன். நாற்றம் நானாகச் சேர்த்தது. சொன்ன பேச்சு நிற்க வேண்டுமே! ஜுரம் என்று அவர் சொன்னதைச் சாமியார் நம்பவில்லை, என் நாற்றத்தை நம்பினார், வேலையைவிட்டு நிறுத்தினார். விஷஜுரம்தான் என்று ஒரு வாரத்தில் கம்பவுண்டர் வாயிலாக எனக்குத் தெரிந்தது. அப்போதும் கம்மென்று இருந்துவிட்டேன். அவர் இப்போது திண்டிவனத்தில் அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆகமன காலம் பிறந்ததும் சாமியார் ஊதா உடுப்பில் நின்று, பாலன் வரும் வீட்டைப் பெருக்கி வையுங்கள் என்று பிரசங்கம் வைத்தார். நானும் சுவருக்கு வெள்ளையடித்தேன், ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்தேன். நெஞ்சு மட்டும் திக்திக்கென்றே இருந்தது. பாவத்தோடு பிள்ளையை ஏந்தக் கூடாதே. போன சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். இனிச் சாமியாரே அவரைக் கூப்பிட்டு வேலையில் வைத்துக்கொள்வார், என் பெயரும் வெளியே வராது என்று ஒரு கணக்கு. என் சாமர்த்தியத்தைக் கொண்டுபோய்க் குப்பையில் கொட்ட!

தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து சாமியார், "இங்க கேட்டத வச்சி நான் வெளியில ஒண்ணும் செய்ய முடியாதும்மா. ஞாயித்துக்கெழமைக்குள்ள அந்த வீட்ல போயி நீயே சொல்லு. சொல்றேன்னு வாக்குக் குடு" என்றார். கொடுத்தேன். நாலு நாளாகப் பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்ற வருகிறேன். வாயைத் திறந்தால், காதுல தண்ணி போவாம ஊத்து என்பதுதான் வருகிறது.

பிள்ளையை நிமிர்த்திப் போட்டேன். கையை வெந்நீரில் முக்கி வைத்துக்கொண்டேன்.

"இன்னாக்கா, குளுருதா?"

"திரேசா, அன்னிக்கி அவரு குடிக்கல."

"அது எனக்குத் தெரியாதா?"

"குடிச்சாருன்னு சாமியார்கிட்ட சொன்னது நாந்தான். நாத்தம் அடிச்சிதுன்னது பொய்யி."

சொம்பு பாதியில் நின்றது. அவள் என்னையே பார்த்தாள். ஏச மாட்டாளா என்றிருந்தது.

"அவரு வேல போன அன்னிக்கி எங்கூட ஒக்காந்து அழுதியே அக்கா," என்றாள்.

ஈர உடம்பில் காற்றுப் பட்டுப் பிள்ளை வீறிட்டது. திரேசாள் சொம்பிலிருந்த தண்ணீரை அதன் மார்பில் மெல்ல ஊற்றினாள், துண்டில் சுருட்டி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

துவட்டியதும் சாம்பிராணி காட்ட என்னைத்தான் கூப்பிடுவாள். இன்று வாசற்படி வழியே புகை மட்டும் வந்தது. கதவு சாத்தப்படவில்லை. நான் நீட்டிய காலை மடக்காமல், ஈரச் சேலையோடு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.