இணைப்பு யார் பேரில்?

நெட் நின்றுபோன ராவுட்டரின் பின்னாலிருந்த சின்ன ஓட்டைக்குள் ஊக்கை நுழைத்துப் பத்து விநாடி அழுத்திய பிறகுதான், அது அணைத்துப் போடுகிற பொத்தான் இல்லை, எல்லாவற்றையும் அழித்துவிடுகிற பொத்தான் என்று சின்னவனுக்குத் தெரிந்தது. வீட்டில் அவனுக்கு 'இன்ஜினியர்' என்று பட்டப்பெயர். குழாயைச் சரிசெய்யப் போய் வீட்டைக் குளமாக்கிய நாளில் அப்பா வைத்தது.

"இன்னைக்குள்ளதான். பேச வேண்டியவங்க பேசிடுங்க" என்று காலையில் அப்பாவைப் பார்த்த டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். வெளிநாட்டிலிருந்த அக்காவின் குரலைப் போனில் கேட்கவைத்துப் பயனில்லை. முப்பது வருடத் தறிச்சத்தம் அப்பாவின் காதைத் தின்றுவிட்டிருந்தது. தறிக்கூடத்து ஆட்கள் எல்லோரையும் போல அவர் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வார். அக்காவின் முகம் தெரிந்தாக வேண்டும். வீட்டுக்குள் செல்போன் சிக்னல் வெறும் பேச்சுக்கே திணறும் என்பதால்தான், அவரே இந்த நெட் லைனை வாங்கி, அவரே எல்லாவற்றையும் ராவுட்டரில் அடித்து வைத்திருந்தார்.

இப்போது போன் திரையில் இணைப்பு வகை கேட்டது. பி.பி.பி.ஓ.இ. என்பதைத் தொட்டதும் இரண்டு காலிக் கட்டங்கள் வந்தன. யூசர் நேம். பாஸ்வேர்ட்.

கட்டிலுக்கு ஓடிப்போய்க் குனிந்தான்.

"அப்பா, பாஸ்... வேர்ட்... என்னப்பா?"

அப்பாவின் உதடு அசைந்தது. அவனுக்கு உதடு படிக்கத் தெரியாது.

"என்னம்மா சொல்றாரு? நம்பரா?"

"நம்பர் இல்லடா. 'உக்காரு'ங்கறாரு."

"இதோ வந்துடறேம்ப்பா."

கஸ்டமர் கேரில் ஒரு பெண் எடுத்தாள். "கனெக்‌ஷன் யார் பேர்ல இருக்கோ அவங்கதான் சார் பேசணும்."

"அவரால பேச முடியாதுங்க."

"அப்ப பாஸ்வேர்ட் தர முடியாது சார்."

வைத்துவிட்டு மறுபடி அடித்தான். இந்த முறை வேறொரு பெண். தொண்டையைக் கனைத்துக்கொண்டு அப்பாவின் பெயரைச் சொல்லி, "நான்தான் பேசறேன்" என்றான்.

"பிறந்த தேதி சார்?"

கதவோரம் நின்று அம்மாவைக் கேட்டான். அம்மா திரும்பாமலே சொன்னாள்.

"யூசர் நேம் சொல்றேன் சார். பாஸ்வேர்ட் புதுசா வச்சிருக்கேன், எல்லாம் சின்ன எழுத்து."

அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது. இரண்டு முறை தப்பாக அடித்தான். மூன்றாவது முறை விளக்கு பச்சையானது.

"வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"

"வந்துடுச்சும்மா!" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினான்.

அம்மா அப்பாவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். அவர் கண் பாதி திறந்திருந்தது. மார்பு அசையவில்லை. அவர் உட்காரச் சொன்னார், ஐந்து நிமிடம் உட்கார்ந்திருக்கலாம்.

கையில் போன் அடித்தது, வீடியோ கால். திரை நிறைய அக்கா முகம்.

"அவரு மூஞ்சிக்கு நேரா பிடிடா! முழிச்சிருக்காரா? பாக்கறாரா?"

அம்மாவைப் பார்த்தான். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"ம்" என்று போனை அப்பாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தான்.

அப்பாவிடம் எப்போதும் பேசுவதுபோல, சத்தமே இல்லாமல், வாயை அகலத் திறந்து ஒவ்வொரு எழுத்தாக அக்கா சொல்லத் தொடங்கினாள். நிறையச் சொன்னாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. கை கடுத்தபோது, போன் ஆடாமல் மறு கைக்கு மாற்றிக்கொண்டான்.