வெறும் வயிற்றில் ஒரு குளிசை

2025 யூன் 17, செவ்வாய்

இன்று ஒரு சிறிய பிழை விட்டேன். அப்பா வெறும் வயிற்றோடு கிளினிக்கில் இரத்தம் கொடுக்க வேண்டிய நாள். தேத்தண்ணியை நிறுத்தினேன், பாணை நிறுத்தினேன். மருந்துக் குளிசையை நிறுத்தவில்லை.

'சிறிய' என்று எழுதியதை வெட்டுவதா விடுவதா என்று தெரியவில்லை. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுங்கள், தீர்ப்பைக் கடைசிக்கு விடுங்கள் என்று மாலை எழுத்து வகுப்பில் சேர் சொல்வார். இன்று வகுப்புக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரி வார்ட்டுக்கு வெளியே மர வாங்கில் இருந்து எழுதுகிறேன்.

அப்பாவுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. காலையில் இரண்டு குளிசைகள்: பெரியது மெற்போமின், சின்னது கிளிக்லசைட். அவர் மறந்துவிடுவார் என்று, அம்மா இறந்த பிறகு நானே எடுத்துக் கொடுக்கிறேன். இன்று காலை குசினி வாசலில் நின்று கேட்டார்.

"இண்டைக்கும் போடுறதோ பிள்ளை? ஒண்டும் சாப்பிடப்படாது எண்டெல்லோ சொன்னவை."

"குளிசை சாப்பாடில்லைத்தானே அப்பா."

எனக்கு இன்னொரு எண்ணமும் இருந்தது. குளிசை போட்டுக்கொண்டு போனால் சீனி குறைவாகக் காட்டும், டொக்டர் இன்சுலின் ஊசிக்கு மாற்றமாட்டார். அப்பாவுக்கு ஊசி என்றால் பயம். சோதனைக்கு முதல்நாள் பாடமாக்குவது போல அதை நினைத்துவிட்டேன். அவர் கையை நீட்டி வாங்கினார். தண்ணீரோடு விழுங்கினார்.

பாணையும் பருப்பையும் மூடிவைத்துவிட்டு நான் வேலைக்குப் போனேன். இரத்தம் கொடுத்துவிட்டு நேரே வீட்டுக்கு வந்து சாப்பிடுவார் என்று நம்பியிருந்தேன். கிளினிக்கில் சனம் கூட. அவர் வெளியே வரும்போதே வெயில் ஏறிவிட்டது. அந்த நேரம் பார்த்துச் சிவரூபன் அண்ணை போன் எடுத்திருக்கிறார். அவருடைய மீன்பிடிப் போட்டைத்தான் அப்பா ஓட்டுகிறார். எஞ்சின் சத்தம் சரியில்லை, ஒருக்கால் பார்த்துவிட்டுப் போங்கள் என்றாராம். அப்பா சாப்பிடாமலே துறைக்குப் போனார்.

இதையும் எழுத வேண்டும். அப்பா முன்பு குடிப்பவர். அம்மா இறந்து எட்டாம் நாள், எட்டுச் செலவன்று விட்டவர், பிறகு தொடவில்லை. எவரும் அவரைப் போட்டில் ஏற்றாத காலத்தில் சிவரூபன் அண்ணைதான் போட்டைக் கையில் கொடுத்தார். கொடுக்கும்போதே சொல்லியும் வைத்தார்: ஒருநாள் குடித்துவிட்டு வந்தாலும் அதோடு சரி.

மத்தியானத்துக்கு முன்னால் சிவரூபன் அண்ணையிடமிருந்து எனக்குப் போன் வந்தது.

"நிருஜா, கொப்பர் பழையபடி குடிக்க வெளிக்கிட்டுட்டார். வந்து கூட்டிக்கொண்டு போங்கோ. எனக்கு இதுக்கு மேல ஏலாது."

நான் போனபோது அப்பா துறையடியில் ஹிஸ்புல்லா நானாவின் தேத்தண்ணிக் கடைக்கு முன்னால், நிலத்தில் இருந்தார். சேட் முழுதும் வேர்வை. கையில் ஒரு கயிற்றுத் துண்டு. முடிச்சுப் போடப் பார்க்கிறார், அது அவிழ்ந்து விழுகிறது. திரும்பவும் போடுகிறார். மற்ற நாளில் கண்ணை மூடிக்கொண்டே முடிச்சுப் போடும் மனிசன்.

"எவன்டா என்ர வலையை எடுத்தவன்?" என்று கத்தினார். என்னையும் யாரோ என்பதுபோல் பார்த்தார்.

"வலை அங்கதான் கிடக்கு, நீர்தான் இங்க இல்லை," என்று ஒருவன் சொல்ல, நின்றவர்கள் சிரித்தார்கள். சிவரூபன் அண்ணை சிரிக்கவில்லை.

"நாளைக்கு வேற ஆளை ஏத்துறன் தங்கச்சி. சனத்தின்ர உயிரெல்லோ," என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் குனிந்து அப்பாவின் வாயை மணந்து பார்த்தேன்.

ஒரு மணமும் இல்லை. பசித்த வாயின் புளிப்பு மட்டும். அப்போதும் என் மனம் அவரை நம்பவில்லை. வேறு போதை எதையும் போட்டிருப்பாரோ என்றுதான் முதலில் ஓடியது. பிறகுதான் காலைக் குளிசை ஞாபகம் வந்தது.

"அப்பா, சாப்பிட்டனீங்களோ?"

கயிற்றையே திரும்பவும் முறுக்கினார். கை நடுங்கியது.

"நானா, பிளேன்டீ ஒண்டு. சூடு வேண்டாம். சீனி நிறையப் போடுங்கோ."

"விசரோ பிள்ளை, சீனிக்காரனுக்குச் சீனியோ?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். ஹிஸ்புல்லா நானா என் முகத்தைப் பார்த்தார். பிறகு கரண்டி கரண்டியாகப் போட்டு, பச்சைத் தண்ணீர் கலந்து ஆற்றித் தந்தார்.

நான் பிழையாக நினைத்திருந்தால், இன்று இரண்டாவது முறையும் என் கையாலேயே அவருக்குத் தீங்கு செய்கிறேன். முதலில் ஒரு வாய் கொடுத்து விழுங்குகிறாரா என்று பார்த்தேன். விழுங்கினார். மிச்சத்தை மெதுவாகப் பருக்கினேன்.

கொஞ்ச நேரத்தில் வேர்வை அடங்கியது. கையில் இருந்த கயிற்றைப் பார்த்தார்.

"நிருஜா? நீ ஏன் இஞ்ச? வேலை இல்லையோ?"

நானா ஒரு பணிசையும் சாப்பிடச் சொல்லி அவர் கையில் வைத்து, ஓட்டோ ஒன்றை மறித்துத் தந்தார்.

ஆஸ்பத்திரியில் சீனி பார்த்தார்கள். தேத்தண்ணிக்குப் பிறகும் குறைவுதான். டொக்டர் இளம்பெண். காலமை குளிசை போட்டவரோ என்று கேட்டார். நான்தான் கொடுத்தேன் என்று சொன்னேன்.

"இந்தச் சின்னக் குளிசை, சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும் சீனியை இறக்கும்," என்றார். "வெறும் வயித்தில இரத்தம் எடுக்கிற நாளில, எடுத்து முடிஞ்சு சாப்பிடேக்கதான் இதைப் போடவேணும். சாப்பாடு பிந்தினால் குளிசையும் பிந்தவேணும். வேர்த்து நடுங்கினால் நீங்கள் செய்தமாதிரிச் சீனித் தண்ணி. ஆனா மயங்கிக் கிடந்தால் வாயில ஒண்டும் ஊத்தாதேங்கோ, உடன கொண்டு வாங்கோ."

குளிசையின் வேகம் இன்னும் உடம்பில் இருக்கும், சீனி திரும்பவும் இறங்கலாம் என்று இன்றிரவு வார்ட்டில் மறித்துவிட்டார்கள். சோதனையில் நல்ல இலக்கம் வர வேண்டும் என்று நான் நினைத்ததை டொக்டரிடம் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா, தெரியாது.

பின்னேரம் அப்பா கட்டிலில் எழுந்து இருந்தார்.

"நீ என்ர வாயை மணந்தனி, என்ன?"

அது அவருக்கு ஞாபகம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"ஓம் அப்பா."

"கொம்மாவும் மணக்கிறவ. அவவுக்கு அப்ப காரணம் இருந்தது."

நான் அழுதுவிட்டேன். அவர் யன்னலைப் பார்த்தபடி இருந்தார்.

"நானாவின்ர தேத்தண்ணி நல்லா இருந்தது," என்றார் பிறகு. "இவ்வளவு சீனியோட குடிச்சு எவ்வளவு காலம்."

சிவரூபன் அண்ணைக்கு இரண்டு தரம் போன் எடுத்தேன். எடுக்கவில்லை. விசாரிக்கப் போன் எடுத்த நானா, நடந்ததை அவரிடம் தான் சொல்வதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். அப்பாவைப் பார்த்துச் சிரித்தவர்களும் கேட்க வேண்டும். குளிசையைக் கொடுத்தவளின் வாயாலேயே கேட்க வேண்டும்.

'சிறிய' என்பதை இப்போது வெட்டிவிட்டேன்.

நாளைக்கு: விடிய, வேறு ஆளோடு போட் வெளிக்கிடுமுன், துறைக்குப் போய்ச் சிவரூபன் அண்ணையிடம் எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். அப்பா குடிக்கவில்லை. குளிசையை வெறும் வயிற்றில் கொடுத்தது நான்.