இடது காதுக்கு எண்பது

சாதாரணதரப் பரீட்சையில் கணிதத்துக்கு எனக்கு 'சீ' சித்தி. அதை நான் யாரையும் மறக்க விட்டதில்லை. என் மனுசன் சிற்றம்பலம் எட்டாம் வகுப்போடு வயலில் இறங்கியவர். ஆகவே எங்கள் வீட்டுக்கு எந்தத் தாள் வந்தாலும் வாசிப்பது நான், தலையாட்டுவது அவர். இந்த ஒழுங்கில் இத்தனை வருடமாக ஒரு பிசகும் வந்ததில்லை. போன மாசி மாதம் வந்த தாள்தான் என் மண்டையைப் போட்டுக் குழப்பியது.

இவர் கிளிநொச்சிப் பக்கம் ஒரு சின்ன ரயில் கடவையைக் காவல் காக்கிறவர். பெரிய கடவைகளில் இருக்கிற மணியோ விளக்கோ அங்கே கிடையாது. வீதிக்குக் குறுக்கே இறக்குகிற ஒரு நீளக் கம்பு, அதை இழுக்க ஒரு கயிறு, ஒரு சிவப்புக் கொடி, வெயிலுக்கு ஒரு கொட்டில், அவ்வளவுதான். தெற்குப் பக்கம் தண்டவாளம் பற்றைக்குள் வளைந்து போகிறது. அந்தப் பக்கத்தால் வருகிற ரயிலைக் கண்ணால் காணும் மட்டும் இருந்தால் கம்பை இறக்க நேரம் இராது. காதைத்தான் நம்ப வேண்டும். அதனால் காவலுக்கு நிற்கிற எல்லாரும் காது சோதித்து அறிக்கை தர வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சொல்லிவிட்டார்கள்.

திங்கட்கிழமை நான்தான் அவரை ஒரு தனியார் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். யதுர்ஷிகா என்ற பிள்ளை அவரைக் கண்ணாடி அறைக்குள் இருத்தி, இரண்டு காதையும் மூடி, சத்தம் கேட்கும்போது பொத்தானை அமத்தச் சொன்னாள். முடிந்ததும் ஒரு தாள் தந்தாள். சிவப்பில் ஒரு கோடு, நீலத்தில் ஒரு கோடு. அடியில் வலது காது நாற்பது டெசிபல், இடது காது எண்பது டெசிபல் என்று போட்டிருந்தது. டொக்டர் வெள்ளிக்கிழமைதான் வருவார், அவர் விளங்கப்படுத்துவார் என்றாள். எனக்கு விளங்கப்படுத்த ஒரு டொக்டரோ? பஸ்ஸிலேயே நான் வாசித்து முடித்துவிட்டேன். எண்பது என்றால் 'ஏ'. நாற்பது என்றால் இழுத்துப்பறித்து ஒரு 'எஸ்'. டெசிபல் என்ற சொல் மட்டும் கொஞ்சம் இடித்தது. புள்ளிக்கு டொக்டர்மார் வைத்த பெயராக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் ஒன்று உதைத்தது. சண்டைக் காலத்தில் உடையார்கட்டில் எங்கள் பங்கருக்குப் பக்கத்தில் ஷெல் விழுந்த நாளிலிருந்து இடது காது மந்தம் என்றுதான் இவர் சொல்லிக்கொண்டு வந்தார். தாளோ இடதுக்கு 'ஏ' போட்டிருக்கிறது. அப்படியென்றால் இத்தனை வருடமாக இந்த மனுசன் எனக்கு முன்னால் காது கேட்காத மாதிரி நடித்ததோ? நல்லாய் ஏசினேன். அவர் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

இரண்டு நாள் நானே சோதித்தேன். இடது பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்ப மாட்டார். வலது பக்கம் குசினியில் நான் கரண்டியை வைத்தால், முற்றத்தில் நின்று என்ன விழுந்தது என்று கேட்பார். 'ஏ' எடுத்த காது தூங்குகிறது, 'எஸ்' எடுத்த காது வேலை செய்கிறது. இது என்ன கோதாரி என்று எனக்குப் பிடிபடவேயில்லை. விசாரித்துப் பார்த்ததில் சத்தம் எந்தத் திசையால் வருகிறது என்று தனக்குத் தெரிவதில்லை என்றார். தெற்கே ரயில் வர, தான் வடக்கே பார்த்துக்கொண்டு நின்றதும் உண்டாம். அதோடு எனக்கு வெளித்துவிட்டது. கெட்டிக்காரப் பிள்ளைக்குப் பக்கத்தில் குழப்படிக்காரனை இருத்தினால் கெட்டிக்காரனும் படிக்க மாட்டான். நாற்பது எடுத்தது எண்பது எடுத்ததைக் குழப்புகிறது.

வியாழன் காலை அவர் வேலைக்கு வெளிக்கிடும்போது, பஞ்சை நல்லெண்ணெயில் தோய்த்து அவருடைய வலது காதுக்குள் இறுக்கி அடைத்துவிட்டேன். இனி இடது காதைத் தெற்குக்குக் கொடுத்துக்கொண்டு இருங்கோ என்றும் சொன்னேன். இரண்டு தரம் சொன்ன பிறகுதான் தலையாட்டினார். இப்போது எப்படி என்று கையால் கேட்டேன்.

“இப்ப ஒரு குழப்பமும் இல்லை,” என்றார். சைக்கிளில் ஏறிப் போனார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. சத்தியமாகப் பெருமையாக இருந்தது.

பத்து மணிக்கு யதுர்ஷிகா தொலைபேசி எடுத்தாள். நாளைக்கு அங்கிளைக் கட்டாயம் கூட்டிவர வேண்டும், இடது காது நன்றாக மோசம், அதற்கு மெஷின் போட வேண்டியிருக்கும் என்றாள். எனக்குச் சுள்ளென்று ஏறியது. வேறு யாருடைய தாளையோ பார்க்கிறாய், இவருக்கு இடது காதுதான் எண்பது என்றேன்.

“அதுதான் அன்ரி சொல்லுறன். சத்தத்தை எண்பது மட்டும் கூட்டினாப் பிறகுதான் அந்தக் காதுக்குக் கேட்டது. வலது காதுக்கு நாப்பதிலேயே கேட்டிட்டுது. எண் கூடக் கூடக் காது மோசம்.”

எண் கூடினால் மோசமோ? அப்படி ஒரு கணக்கு உலகத்தில் உண்டோ? சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எண்பது கீழே போனது, நாற்பது மேலே வந்தது, திரும்பவும் மாறியது. பிறகு பஞ்சு ஞாபகம் வந்தது. நல்ல காதையல்லவா அடைத்து அனுப்பியிருக்கிறேன். மணிக்கூட்டைப் பார்த்தேன், பத்து ஏழு. தெற்கால் வருகிற ரயில் பத்தரைக்கு முன்பின்னாக வரும்.

அவருக்கு அழைப்பு எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவருக்கு எப்படிக் கேட்கும், விசரி! சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். மண் வீதி, எதிர்க்காற்று, சங்கிலி வேறு கழன்றது. அதைப் பூட்டிய கையோடு வியர்வையைத் துடைக்க முகமெல்லாம் கிறீஸ் அப்பியது. முருகா, ரயில் இன்றைக்குப் பிந்தி வரட்டும், என்றைக்கும் பிந்துகிற ரயில்தானே என்று கும்பிட்டுக்கொண்டே மிதித்தேன்.

கடவை தெரிந்தபோது கம்பு மேலே நின்றது. இவர் கொட்டில் வாசலில் எனக்கு முதுகு காட்டி, நான் சொன்னபடியே இடது காதைத் தெற்குக்குக் கொடுத்து, சொல்வழி கேட்கிற பிள்ளைபோல் இருந்தார். எனக்கு முன்னால் ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் போய்க்கொண்டிருந்தது. பின்பெட்டியில் நெல்மூட்டைகள், மூட்டைகளின் மேல் இரண்டு பெண்கள். அந்த இயந்திரத்தின் இரைச்சலுக்குள்ளும் பற்றைக்கு அப்பால் ரயில் வருவது எனக்குக் கேட்டது. “இஞ்சாருங்கோ” என்று கத்தினேன். அவர் திரும்பவில்லை. லாண்ட்மாஸ்டர்காரனும் திரும்பவில்லை. எட்டி மிதித்து அதை முந்திப் போய், சைக்கிளை வீதிக்குக் குறுக்கே போட்டுவிட்டு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன்.

அவன் என்னைத் தூஷணத்தால் ஏசிக்கொண்டே நிறுத்தினான். அந்த ஏச்சு முடிய முதல் ரயில் ஊதிக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் போனது. பெட்டியில் இருந்த பெண்களில் ஒருத்தி அழத் தொடங்கினாள்.

ஊதல் கேட்டுத்தான் இவர் எழும்பியிருக்கிறார். நான் திரும்பியபோது கயிற்றைப் பிடித்தபடி நின்றார். மேலே நிற்கிற கம்பைப் பார்த்தார், லாண்ட்மாஸ்டரைப் பார்த்தார், விழுந்து கிடக்கிற என் சைக்கிளைப் பார்த்தார். பிறகு அப்படியே நிலத்தில் குந்திவிட்டார்.

போய் அவருடைய காதிலிருந்த பஞ்சை உருவினேன். எண்பது என்பது புள்ளியில்லை, நான்தான் பிழையாக வாசித்துவிட்டேன் என்று மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன். அவர் என் முகத்திலிருந்த கிறீஸைப் பார்த்துக்கொண்டு கேட்டார். ஏன் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை என்று அவர்மேலேயே பாய்ந்தேன். என் வாய் அப்படி.

“வலதுதான் கேக்கிறது எண்டு எனக்குத் தெரியும், விமலா. காது என்ரதெல்லோ. ஆனா தாளைப் பாத்து நீ சொன்னாய். படிச்சனீ சொல்லேக்க, எனக்குத்தான் பிழையாக் கேக்குதாக்கும் எண்டு நினைச்சன்.”

லாண்ட்மாஸ்டர் கடவையைத் தாண்டிப் போனது. பழக்க தோஷத்தில் அவருக்கு இடது பக்கம்தான் குந்தியிருந்தேன். பிழை என்னில் என்று அங்கேயிருந்து சொன்னேன். அவர் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எழும்பிச் சுற்றி வந்து, வலது பக்கம் இருந்து இன்னொரு தரம் உரத்துச் சொன்னேன்.

“கத்தாதை, மெல்லச் சொன்னாலே கேக்கும்,” என்றார்.

இன்றைக்கு நடந்ததைத் தானே மேலிடத்துக்குச் சொல்லப்போவதாகவும், வேலை போனால் போகட்டும் என்றும் சொன்னார். பிறகு சிவப்புக் கொடியை என் மடியில் வைத்துவிட்டுக் கயிற்றைத் தன் கையில் சுற்றிக்கொண்டார். பன்னிரண்டே காலுக்கு அடுத்த ரயில். அது வருகிற மட்டும் நான் வாயைத் திறக்காமல் அவருக்கு வலது பக்கம் இருந்து காது கொடுத்துக்கொண்டிருந்தேன்.