எந்தப் பக்கம் மேலே

திண்டிவனம் கோதண்டபாணி டைலரின் பெண்டாட்டி கிருஷ்ணவேணிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று தெருவே பேசிக்கொண்டிருந்த வருஷம் எண்பத்தாறு. கடையில் மிஞ்சிய வெட்டுத்துணிகளை மூட்டையாகக் கட்டி வந்து போர்வை தைத்தாள். தைக்கட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் அதில் ஒரு பூ இல்லை, மயில் இல்லை, கோலம்கூட இல்லை. கோணலும் மாணலுமாக வெட்டிய நிறங்கள் மட்டும்தான். "இத போத்திக்கினு படுத்தா கெட்ட கனாதான் வரும்" என்று கோதண்டபாணியே கேலி செய்தான்.

வாடாமல்லி நிறத்தை அரக்கோடு வைத்தால் செத்துக் கிடக்கும். கிளிப்பச்சையோடு வைத்தால் துடிக்கும். ரொம்பத் துடித்துக் கண் கூசினால் நடுவில் விரல் அகலத்துக்குச் சாம்பல் துணி. இதையெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வைத்து, பிரித்து, மறுபடி வைத்துத் தானாகக் கண்டுபிடித்தாள்.

கேலி செய்யாதவள் ஒருத்திதான், கொழுந்தன் பெண்டாட்டி அம்சா. பத்தாவது படித்தவள், அதே வீட்டில் இருப்பவள். இருவரும் சேர்ந்துதான் வேலை செய்வார்கள். கயிறு அவிழ்த்த கட்டில் சட்டத்தில் பழைய வேட்டியை இழுத்துக் கட்டி, அதன் மேல் துண்டுகளை வைத்து கிருஷ்ணவேணி ஊசியை இறக்குவாள். கட்டிலுக்கடியில் மல்லாந்து கிடக்கும் அம்சா அதை வாங்கித் திருப்பி மேலே ஏற்றுவாள். மேலே இருப்பவளுக்கு நிறம் தெரியும். கீழே இருப்பவளுக்கு வெள்ளை வேட்டியும் நூலும்தான்.

"இங்க ஏங்க்கா கருப்பு வெச்ச?" என்று கீழேயிருந்து குரல் வரும்.

"கீழ கனம் வோணும்டி. அப்பத்தான் மேல போவப் போவக் காத்தாட்டம் லேசாவும். உச்சியில ஒரே ஒரு மாம்பழ மஞ்சள், அவ்ளோதான்."

இப்படி நாலு மாதம் மனசில் இருந்ததையெல்லாம் கொட்டினாள். கூடப் பிறந்தவளிடம்கூட அப்படிப் பேசியதில்லை.

விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பெண்கள் கைவேலைக் கண்காட்சி என்று நோட்டீஸ் வந்தது. கிருஷ்ணவேணிக்கு ஒரே ஆசை. அந்தப் போர்வைக்குக் கீழே ஓர் அட்டையில் தன் பெயர் இருக்க வேண்டும், ஒரு நாளைக்காவது. விண்ணப்பப் பாரத்தை அம்சாதான் பூர்த்தி செய்தாள். "உன் பேரத்தான்க்கா எழுதிக்கீறேன்" என்று போர்வையை மடித்துக் கொண்டுபோனாள். "அலையாத, நான் பாத்துக்கிறேன்" என்றும் சொன்னாள். கிருஷ்ணவேணிக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிவிட்டாள்.

மண்டபத்தில் கூட்டமெல்லாம் ஒரே இடத்தில் நின்றது. அங்கே அவள் போர்வை தொங்கியது, தலைகீழாக. மஞ்சள் தரையில் கிடக்க, கருப்பு தலைமேல் உட்கார்ந்திருந்தது. கட்டிலுக்கடியில் அம்சா தலைவைத்துப் படுத்தது கருப்புப் பக்கம். அவளுக்கு அதுதான் மேலே. கிருஷ்ணவேணி அட்டையை எழுத்துக் கூட்டினாள். மூன்றே எழுத்து, சட்டென்று முடிந்துவிட்டது. அம்சா.

அம்சா கல்யாணப் பட்டு உடுத்தி, மெட்ராஸிலிருந்து வந்த நடுவரம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். "வாடாமல்லி கிளிப்பச்சையோடதான் மேடம் துடிக்கும். கண்ணு கூசுனா நடுவுல சாம்பல்." ஒரு சொல் மாறவில்லை. கிருஷ்ணவேணி கூட்டத்தை விலக்கி முன்னால் போனாள். கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"தலகீழா மாட்டிக்கீதுங்க மேடம்."

நடுவரம்மா திரும்பினாள். அம்சாவின் முகம் ஒரு கணம்தான் வெளுத்தது.

"எங்க ஓர்ப்படிங்க மேடம். நான் தைக்கசொல்லோ அடியில படுத்துக்கினு ஊசி ஏத்தித் தருவாங்க."

"அப்படியா? ரொம்ப சந்தோஷம்மா" என்று நடுவரம்மா கனிவாகச் சிரித்தாள். "ஆனா இதுல உருவமே இல்லையே. மேல ஏது, கீழ ஏது? எப்படி மாட்டினாலும் அழகுதான்."

உருவம் வேண்டாம், நிறம் போதும் என்று ஊர் சிரிக்கச் சிரிக்க நின்றவள் அவள்தான். இப்போது இது என்னுடையது என்று காட்ட ஒரு பூவின் காம்புகூட அதில் இல்லை. பஸ்ஸில் கூட்டேரிப்பட்டு வரைக்கும் அழுதாள். அப்புறம் அழுகையும் வரவில்லை.

முதல் பரிசு எவர்சில்வர் குடம் வீட்டுக்கு வந்தது. கொழுந்தன் தெரு முழுக்கக் காட்டினான். "உம் பொண்டாட்டியும் கூடப் படுத்துக் கெடந்து ஒழைச்சாளே" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்ல, கோதண்டபாணி தலையாட்டினான்.

மறுநாள் காலை, பாதி முடிந்த அடுத்த போர்வை கட்டிலில் இருந்தது. அம்சா ஒன்றுமே நடக்காததுபோல் வந்து குனிந்தாள்.

"ஊசிய இறக்குக்கா."

"எழுந்திரு. நீ மேல குந்து."

"இன்னாக்கா..."

"நீதான சொன்ன? அடியில படுக்கறவ நான்னு."

கிருஷ்ணவேணி கட்டிலுக்கடியில் மல்லாந்து படுத்தாள். மேலே வெள்ளை வேட்டி, அதில் அம்சாவின் நிழல். ஒரு துண்டை எடுக்கும் சத்தம் கேட்டது. வைத்தாள், எடுத்தாள், வேறொன்றை வைத்தாள், அதையும் எடுத்தாள்.

"அக்கா, பச்சைக்குப் பக்கத்துல எத வெக்கறது?"

கிருஷ்ணவேணி கையை மேலே நீட்டினாள். ஊசியை வாங்க நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அடுப்பில் உலை கொதித்து வழிந்து, யாரோ வந்து இறக்கிவைத்துவிட்டுப் போனார்கள். ஊசி கீழே வரவே இல்லை.